ஏக்கரைத் தேடிப் போகும் டாலர்

அமெரிக்க வேளாண் மானியத்தைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் வாஷிங்டனில் தொடங்கி வாஷிங்டனிலேயே முடிந்துவிடும். எத்தனை கோடி ஒதுக்கினார்கள், எந்தக் கட்சி எதிர்த்தது, எந்தச் செனட்டர் குறுக்கே நின்றார் என்பதோடு சரி. அந்தப் பணம் போய் இறங்கும் ஊரில் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அப்படிப் பார்க்க மிசிசிப்பி மாநிலத்தின் சன்ஃப்ளவர் கவுண்டி தோதான இடம். கவுண்டி என்றால் ஒரு சிறிய மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுவதும் 3,100-க்கு மேல் உண்டு. சன்ஃப்ளவர் இருப்பது மிசிசிப்பி, யாஸூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே வண்டல் படிந்த சமவெளியில். அந்தப் பகுதி முழுவதையும் டெல்டா என்றே சொல்வார்கள். சோயா, மக்காச்சோளம், பருத்தி, நெல், இடையிடையே கெளுத்தி மீன் குளங்கள். தலைமையூர் இண்டியனோலா. 1930-ல் இந்தக் கவுண்டியில் 66,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 26,000. அதுவும் பார்ச்மன் என்ற மாநிலச் சிறையில் அடைபட்டுக் கிடப்பவர்களையும் சேர்த்து. நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கறுப்பினத்தவர். நிலம் பெரும்பாலும் வெள்ளையர் கையில்.

தொண்ணூறு ஆண்டுகளாக மத்திய அரசின் பணம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் ஊர் இது. ஆனாலும் நாட்டின் மிக ஏழையான வட்டாரங்களில் ஒன்றாகவே இன்றும் இருக்கிறது. இந்த முரணுக்குப் பலர் பல காரணம் சொல்வார்கள்: ஊழல், இனவெறி, இயந்திரங்கள், உலகச் சந்தை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். பணம் உழவருக்கு என்று பேச்சு, தரப்படுவதோ ஏக்கருக்கு. ஏக்கர் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடி அது போய்ச் சேர்கிறது. அவர் ஊரில் இருக்கிறாரா, மண்ணில் கால் வைக்கிறாரா என்பது இரண்டாம் பட்சம்.

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1933 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் வேளாண் சீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது பருத்தி விலை படுபாதாளத்தில் கிடந்தது. விளைச்சல் கூடிப்போனதுதான் நோய் என்றால் விளைச்சலைக் குறைப்பதுதான் மருந்து என்று வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸின் ஆட்கள் முடிவு செய்தார்கள். விதைத்து முளைத்து நின்ற பருத்தியில் சுமார் 1 கோடி ஏக்கரை உழுது அழிக்க அரசே பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டு முதல் விதைக்காமல் விடும் நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தெற்கில் அன்று பருத்தியை விளைவித்தவர்கள் வாரக்குடிகள். நிலம் பண்ணையாருடையது, கோவேறு கழுதை, விதை, கடன் எல்லாம் அவருடையதே, உழைப்பு குடும்பத்தோடு இவர்களுடையது, அறுப்பில் பாதி. 1934-35 ஒப்பந்தத்தின்படி பவுண்டுக்குக் கிடைத்த நாலரை சென்ட்டில் நாலு சென்ட் பண்ணையாருக்கு, அரை சென்ட் வாரக்குடிக்கு. அந்த அரை சென்ட்டும் பண்ணையின் கடைப் பற்றில் கழிந்துபோவது சகஜம்.

அடுத்து நடந்ததை யாரும் ஊகிக்கலாம். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தரிசாகப் போட்டால் குடிகளில் ஒரு பங்கு வேண்டாதவர்களாகிவிடுகிறார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டால் பகிர வேண்டிய பணமும் மிச்சம். 1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தின் டைரன்சா என்ற சிற்றூரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியது இந்த வெளியேற்றத்தை எதிர்த்துத்தான். குடிகளை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்துக்குப் பொருள்கொள்ள முயன்றார் துறையின் வழக்கறிஞர் ஜெரோம் ஃபிராங்க். 1935 பிப்ரவரியில் அவரையும் அவரோடு இருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே துறையில் நிதிப் பொறுப்பில் இருந்த ஆஸ்கார் ஜான்ஸ்டன் பக்கத்துப் பொலிவார் கவுண்டியில் டெல்டா அண்ட் பைன் லேண்ட் என்ற பெரும் பருத்திப் பண்ணையின் தலைவர். அந்தப் பண்ணை இங்கிலாந்து நூற்பாலை முதலாளிகளுடையது. ஏழை உழவனைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் பெரிய காசோலைகளில் சில அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயின.

உச்ச நீதிமன்றம் 1936 ஜனவரியில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அரசு மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் அதே பணத்தை வேறு வழியில் கொடுத்தது. 1938-ல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. அதன்பின் பெயர்கள் மாறின, கணக்கு முறைகள் மாறின. ஏக்கர் மட்டும் மாறவில்லை.

சன்ஃப்ளவர் கவுண்டி நாடறிந்த இடமானது 1960-களில். ஒரே கவுண்டியின் இரண்டு பேர் அதற்குக் காரணம். டாட்ஸ்வில் ஊருக்கருகே ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் ஒருவர். செனட்டின் நீதித்துறைக் குழுவுக்கு 1956 முதல் 22 ஆண்டுகள் தலைவராக உட்கார்ந்து குடிமை உரிமைச் சட்டங்களை நசுக்கியவர். வேளாண் குழுவிலும் அவருக்கு இருக்கை உண்டு. மற்றவர் சில மைல் தள்ளி ரூல்வில் பக்கம் ஒரு பண்ணையில் வாரக்குடியாகவும் வேலை நேரக் கணக்கு எழுதுபவராகவும் இருந்த ஃபேனி லூ ஹேமர். 1962 ஆகஸ்டில் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முயன்றார். அன்றைக்கே பண்ணையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 18 ஆண்டு வாழ்ந்த இடம்.

1967-ல் ஈஸ்ட்லண்ட் பண்ணைக்கு வந்த பருத்தி மானியம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். அதே காலத்தில் மிசிசிப்பியில் வறிய குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு மாதாந்திர உதவித்தொகை சராசரியாகப் பத்து டாலரைக்கூட எட்டவில்லை. இரண்டும் அரசுப் பணம். ஒன்றைப் பெறத் தரிசு போட்டால் போதும். மற்றதைப் பெற வறுமையைக் கீழ்ப்படிந்து நிரூபிக்க வேண்டும். இந்த ஒப்பீட்டை அன்றைய உரிமைப் போராளிகள் மேடைதோறும் சொன்னார்கள். சொல்லிப் பயன் இல்லாமலும் போகவில்லை. 1970 சட்டத்தில் முதன்முதலாக உச்சவரம்பு வந்தது: ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர். பெரிய பண்ணைகள் உடனே மகன், மருமகள், அறக்கட்டளை என்று பிரிந்துகொண்டன. அரசு எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கவில்லை.

ஹேமர் வேறு வழி தேடினார். 1969-ல் நாற்பது ஏக்கர் வாங்கி ஃப்ரீடம் ஃபார்ம் என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். நிலம் பிறகு சில நூறு ஏக்கராக வளர்ந்தது. காய்கறி, பருத்தி, ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிக்குட்டி தரும் 'பன்றி வங்கி' என்று பல முயற்சிகள். வறட்சி, வெள்ளம், நிலக்கடன் எல்லாம் சேர்ந்து அழுத்த 1970-களின் நடுவில் அது கைவிட்டுப்போயிற்று. தாக்குப்பிடிக்க அதற்கு வேண்டியிருந்தது சில ஆண்டுகளின் மோசமான விலையைத் தாங்கும் பணம். பக்கத்துப் பெரும் பண்ணைகளுக்கு அரசு கொடுத்துக்கொண்டிருந்தது சரியாக அதைத்தான்.

இங்கே கவுண்டி அலுவலகத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மானியம் வாஷிங்டனில் பிறந்தாலும் அதன் கைகால் எல்லாம் கவுண்டியில் இருக்கிறது. பண்ணைச் சேவை முகமை என்ற அமைப்புக்கு நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் அலுவலகங்கள் உண்டு. கோதுமை போன்ற குளிர்காலப் பயிர் நீங்கலாக, முக்கியமான வசந்தகாலப் பயிர்களை ஜூலை 15-க்குள் பதிவு செய்தாக வேண்டும். விவசாயி வந்து மேசை முன் உட்காருவார். பணியாளர் அவர் நிலத்தின் வான்வழிப் படத்தை விரிப்பார். ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண், அதற்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், துண்டுக்குள் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். ஏக்கர் தசம புள்ளியோடு அச்சாகியிருக்கும். இது சோயா, மே முதல் வாரம் விதைத்தது, நீர்ப்பாசனம் உண்டு, இது நெல், இந்த மூலை வெள்ளம் நின்று விதைக்க முடியாமல் போனது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். நம் ஊர் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலை விவசாயியே வந்து சொல்லி எழுத வைக்கிறார் என்று கொள்ளலாம். இன்னொரு படிவம் பண்ணை நடத்தும் திட்டம் பற்றியது. நிலம் யாருடையது, முதல் யாருடையது, இயந்திரம் யாருடையது, உடலுழைப்பு யார், மேற்பார்வை யார் என்று ஒவ்வொரு பங்காளியின் பெயருக்கு நேரே நூற்றுக்கு இத்தனை என்று நிரப்ப வேண்டும். உச்சவரம்பு எத்தனை மடங்காகப் பெருகும் என்பது இந்தப் படிவத்தில்தான் தீர்மானமாகிறது. ஆகவே அதை நிரப்பப் பெரிய பண்ணைகள் வழக்கறிஞர் வைத்துக்கொள்கின்றன.

இந்த அலுவலகத்துக்கு மேலே விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு உண்டு. காகிதத்தில் பார்த்தால் அருமையான ஜனநாயகம். 1930-களிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. தெற்கில் அது பண்ணையார்களின் மன்றமாக இருந்தது. யாருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி ஒதுக்கீடு என்பதை முடிவு செய்த இந்தக் குழுக்களில் 1960-களின் நடு வரை தென் மாநிலங்களில் கறுப்பர் ஒருவர்கூட இடம்பெறவில்லை. வாக்குரிமைக்காகப் போராடிய இளைஞர்கள் 1964 டிசம்பரில் மிசிசிப்பியில் இந்தக் குழுத் தேர்தல்களிலும் வேட்பாளர்களை நிறுத்தியதை வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. அடிதடி, மிரட்டலுக்கு நடுவே நடந்த தேர்தல்கள் அவை. வாக்குப்பெட்டியைவிட ஒதுக்கீட்டு மேசைதான் சோற்றை முடிவு செய்கிறது என்பதை அந்த இளைஞர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

கறுப்பின விவசாயிகளுக்குக் கடனும் மானியமும் மறுக்கப்பட்டதற்கு எதிரான பிக்ஃபோர்ட் வழக்கில் 1999-ல் சமரசத் தீர்ப்பு வந்தது. 15,000-க்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் ஆளுக்கு 50,000 டாலர் வீதம், மொத்தம் 100 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. விண்ணப்பிக்கத் தவறியவர்களுக்காக 2010-ல் இரண்டாம் சமரசம். 2021-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த கடன் தள்ளுபடியை வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். அதற்கு மாற்றாக, பாகுபாட்டுக்கு உள்ளானவர்கள் என்று இனம் குறிப்பிடாமல் சுமார் 200 கோடி டாலர் 2024-ல் 43,000 பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதில் பெரும் பங்கினர் மிசிசிப்பி, அலபாமா மாநிலத்தவர். 1920-ல் நாட்டில் 9 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இப்போது 50,000-க்கும் கீழே. இழப்பீடு போய்ச் சேர்ந்தபோது நிலம் கை மாறி ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

சரி, இன்று பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? 1996-ல் கான்சாஸ்காரர் பேட் ராபர்ட்ஸ் முன்னின்று கொண்டுவந்த சட்டம், மானியத்தை விளைச்சலிலிருந்து கத்தரித்து, பழைய பயிர் ஏக்கர்களுக்கு நிலையான தொகை என்று ஆக்கியது. அது படிப்படியாகக் குறைந்து மறைந்துவிடும் என்று சொன்னார்கள். இரண்டே ஆண்டில் விலை சரிந்ததும் அவசர உதவி என்று அதற்கு மேலும் கொட்டினார்கள். 2014 சட்டம் நிலையான தொகையை ஒழித்துவிட்டு, இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஒன்று விலை இழப்பு ஈடு, பிஎல்சி. மற்றது கவுண்டியின் சராசரி வருவாய் குறைந்தால் ஈடு, ஏஆர்சி.

பிஎல்சியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பண்ணைக்கு மக்காச்சோளத்தில் 1,000 'அடிப்படை ஏக்கர்' பதிவாகியிருக்கிறது என்று கொள்வோம். ஏக்கருக்கு 120 புஷல் என்று பழைய விளைச்சல் பதிவு. மக்காச்சோளத்தில் ஒரு புஷல் சுமார் 25 கிலோ. அப்போது சட்டம் நிர்ணயித்திருந்த குறியீட்டு விலை 3.70 டாலர். 2016 விளைச்சலுக்கு நாடு தழுவிய சராசரி விலை 3.36 டாலர். வித்தியாசம் 34 சென்ட். அதை 120-ஆல் பெருக்கி, 1,000-ல் 85 விழுக்காடான 850 ஏக்கரால் பெருக்கினால் 34,680 டாலர். கணக்கில் ஒன்று காணாமல் போயிருப்பதைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆண்டு அந்தப் பண்ணை என்ன விதைத்தது என்பது எங்குமே வரவில்லை. மக்காச்சோளமே போடாமல் முழுக்கச் சோயா போட்டிருந்தாலும் இதே தொகைதான். அடிப்படை ஏக்கர் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்பதன் பதிவு. நிலத்தை விற்றால் அதுவும் சேர்ந்து கை மாறும்.

இதன் கோமாளித்தனம் டெக்சாஸின் நெல் வட்டாரத்தில் வெளிப்பட்டது. நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற இடங்களில், புல்வெளி வைத்து வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் பழைய நெல் ஏக்கரின் பெயரால் பணம் வந்தது. விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000-க்குப் பிறகு மட்டும் 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் கணக்கெடுத்து எழுதியது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இன்னொரு கணக்கைத் தந்தது: 1999 முதல் 2005 வரை, இறந்துபோன 1,72,801 பேரின் பெயரில் 110 கோடி டாலர். இதை எல்லாம் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. சொத்துப் பிரிவினை முடியும்வரை இறந்தவர் பெயரில் பணம் வாங்க விதியில் இடம் உண்டு. ஆனால் அந்த 110 கோடியில் நூற்றுக்கு நாற்பது, இறந்து மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்களின் பெயரில் போயிருந்தது. ஏக்கருக்குச் சாவு கிடையாது. அதற்குப் பணம் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஏஆர்சி திட்டத்தில் தொல்லை வேறு வகை. கவுண்டியின் ஐந்தாண்டு வருவாயில் உச்சத்தையும் அடியையும் நீக்கிச் சராசரி எடுத்து, அதில் 86 விழுக்காட்டுக்கு (2025 சட்டத்துக்குப் பின் 90) கீழே அந்த ஆண்டு வருவாய் போனால் ஈடு. பக்கத்துப் பக்கத்து வயல்கள், நடுவே ஒரு சாலை. சாலைதான் கவுண்டி எல்லை. ஒரே மழை, ஒரே விளைச்சல். ஒருவருக்குக் காசோலை வரும், இன்னொருவருக்கு வராது. 2019-ல் சீனாவோடு நடந்த வர்த்தகச் சண்டைக்கு ஈடாகக் கொடுத்த பணத்துக்கும் கவுண்டிதான் அளவுகோல்: ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை, கவுண்டிக்கொரு விகிதம். உச்ச விகிதத்தைப் பெற்றவற்றில் தெற்கின் பருத்திக் கவுண்டிகள் முன்னால் நின்றன. சீனா முக்கியமாக வாங்காமல் விட்டது சோயாவை. சோயா விளைவிக்கும் நடுமேற்கு மாநில விவசாயிகள் முணுமுணுத்ததில் தவறில்லை. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் வர்த்தகச் சண்டைக்கு ஈடாகச் சுமார் 2,300 கோடி டாலர் போனது. கொரோனா ஆண்டான 2020-ல் எல்லா நேரடி உதவியும் சேர்ந்து 4,560 கோடி. வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை.

உச்சவரம்பு இன்றும் இருக்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று இருந்ததை 2025 ஜூலையில் வந்த பெருஞ்சட்டம் 1,55,000 ஆக்கியது. மனைவிக்குத் தனி. பண்ணையைப் பங்காளி நிறுவனமாக நடத்தினால் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி, அவர் 'பண்ணையில் தீவிரமாக ஈடுபட்டவர்' என்றால். அந்த ஈடுபாட்டை மேற்பார்வை என்ற ஒற்றைச் சொல்லில் நிரூபித்துவிடலாம். தொலைபேசியில் ஆலோசனை சொன்னதையும் மேற்பார்வை என்று எழுதலாம். 1980-களில் ஒருவரே பல நிறுவனங்களில் பங்கு வைத்து, அந்த நிறுவனங்கள் வேறு நிறுவனங்களில் பங்கு வைத்து, கிளைகிளையாகப் பணம் வாங்கிய முறைக்கு 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயர். எந்தக் கிளையிலும் பரிசுப் பொட்டலம் தொங்கும். அதை வெட்ட 1987-ல் ஒரு சட்டம், 2008-ல் இன்னொன்று. 2018 சட்டம் ஒன்றுவிட்ட சகோதரர், மருமக்கள்மாரையும் 'குடும்பம்' என்று சேர்த்து அடுத்த கிளையை வளர்த்தது. அயோவா செனட்டர் சக் கிராஸ்லி, தானே மானியம் வாங்கும் விவசாயி, இந்த ஓட்டையை அடைக்கப் பல முறை முயன்றவர். 2007-ல் அவரும் வடக்கு டகோட்டாவின் பைரன் டார்கனும் கொண்டுவந்த திருத்தத்துக்கு 56 வாக்கு கிடைத்தது. 60 வேண்டியிருந்தது, தோற்றது. 2013-ல் இரண்டு அவைகளும் ஏற்றுக்கொண்ட வரம்பை, இரு அவைகளும் சேர்ந்து பேசும் கூட்டுக்குழுவில் மூடிய கதவுக்குள் கழற்றிவிட்டார்கள். தெற்கின் நெல், பருத்திக்காரர்கள் எப்போதும் ஒற்றுமையானவர்கள். பக்கத்து டல்லஹாட்சி கவுண்டிக்காரர் ஜேமி விட்டன் வேளாண் ஒதுக்கீட்டுக் குழுவைப் பல பத்தாண்டுகள் கையில் வைத்திருந்த காலத்தில் அவரை 'நிரந்தர வேளாண் அமைச்சர்' என்றே அழைத்தார்கள்.

இந்தப் பெயர்களெல்லாம் வெளியே தெரிவதற்குக் காரணம் தகவல் உரிமைச் சட்டமும், வாஷிங்டனின் சூழல் ஆய்வுக் குழு ஒன்றும். 2001-ல் அந்தக் குழு யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஊர்வாரியாக, பெயர்வாரியாக வெளியிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். சங்கடம், ஆத்திரம், வம்பு எல்லாம் கிளம்பின. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத பெருந்தொகை ஒன்று உண்டு: பயிர்க் காப்பீடு. பிரிமியத்தில் சராசரியாக நூற்றுக்கு அறுபது போல அரசு செலுத்துகிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை. பெறுபவர் பெயர் வெளியிடப்படுவதும் இல்லை. ஒரு கவுண்டிக்கு இத்தனை கோடி வந்தது என்று யாராவது சொன்னால், காப்பீடு சேர்த்தா சேர்க்காமலா என்று முதலில் கேட்க வேண்டும்.

மானியமே கூடாது என்பது என் கட்சி அல்ல. டெல்டாவில் ஓர் ஏக்கர் நெல்லோ பருத்தியோ விளைவிக்க விதை, உரம், டீசல், விமானத்தில் தெளிக்கும் மருந்து என்று ஆகும் செலவைப் பார்த்தால் தலை சுற்றும். பருத்தி அறுவடை இயந்திரம் ஒன்றின் விலையில் ஊரில் பல வீடுகள் வாங்கலாம். பிப்ரவரியில் பயிர்க்கடன் கேட்டுப் போகும் விவசாயியிடம் வங்கி மேலாளர் முதலில் கேட்பது அடிப்படை ஏக்கர் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு என்பதைத்தான். நாளைக்கே இதை நிறுத்தினால் முதலில் விழப்போவது பெரும் பண்ணையார் அல்ல, நடுத்தரப் பண்ணை. 1980-களில் அயோவாவில் வட்டி ஏறி நிலவிலை சரிந்தபோது ஊர் ஊராக வங்கிகள் மூடியதைக் கண்டவர்கள் இந்தப் பயத்தைச் சிறிதென்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஊர் வளர்ச்சி என்ற பெயரில் இதை நியாயப்படுத்துவது வேறு. கான்சாஸ் சிட்டி ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர் மார்க் டிராபன்ஸ்டாட் 2005-ல் பார்த்தது, மானியத்தை அதிகம் சார்ந்த கவுண்டிகளில் வேலைவாய்ப்பும் மக்கள்தொகையும் நாட்டுச் சராசரிக்கும் கீழே நின்றன என்பது. மானியம் ஊரைக் கெடுத்தது என்று இதைப் படிக்கக் கூடாது; வேறு தொழிலே இல்லாத ஊர்கள்தான் மானியத்தைச் சார்ந்திருக்கும். ஆனால் காப்பாற்றியது என்று சொல்லவும் இதில் ஆதாரம் இல்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாரெட் கிர்வன் 2009-ல் வெளியிட்ட ஆய்வு. மானியத்தில் ஒரு டாலர் கூடினால் அதில் சுமார் 25 சென்ட் குத்தகையாக நிலத்துக்காரருக்குப் போய்விடுகிறது என்று அவர் கணக்கிட்டார். அமெரிக்க விவசாய நிலத்தில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குத்தகையில் இருக்கிறது. அந்தக் குத்தகை நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு உழவே உழாதவர்களுடையது. மெம்ஃபிஸிலும் அட்லாண்டாவிலும் வாழும் வாரிசுகள், ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள். சட்டப்படி குத்தகையாளர் கையில் கொடுத்த காசோலையில் ஒரு பங்கு, குத்தகை உயர்வாகக் கவுண்டி எல்லையைத் தாண்டிவிடுகிறது. மீதி இயந்திரக் கடனுக்கும் விதை நிறுவனத்துக்கும் போக, இண்டியனோலா கடைவீதியில் செலவாவது கொஞ்சம்தான். பண்ணைகள் பெரிதாகி ஆட்கள் குறைந்துவிட்டதால் கூலியாகவும் அதிகம் இறங்குவதில்லை. 2021-ல் சன்ஃப்ளவர் கவுண்டியின் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர் சிலர் நீதிமன்றம் போனார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து அழைத்துவரப்பட்ட வெள்ளை விருந்தாளித் தொழிலாளருக்குத் தங்களைவிட அதிகக் கூலி கொடுத்ததாகவும், அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே தாங்கள்தான் என்றும் வழக்கு.

இந்தப் பணத்தின் கை கவுண்டிக்கு வெளியே எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குப் பருத்தியே சாட்சி. அமெரிக்கப் பருத்தி மானியம் உலக விலையைக் கீழே தள்ளுகிறது என்று 2002-ல் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் நாலு ஏழை நாடுகள் 2003-ல் கான்குன் மாநாட்டில் இதையே முறையிட்டன. மானியத்தை நிறுத்துவதற்குப் பதிலாக அமெரிக்கா 2010 முதல் ஆண்டுக்கு 14.7 கோடி டாலர் பிரேசிலுக்குக் கொடுத்தது. 2014-ல் 30 கோடி கொடுத்து வழக்கை முடித்தது. மிசிசிப்பி விவசாயிக்குக் கொடுப்பதைத் தொடர்வதற்காகப் பிரேசில் விவசாயிக்கும் கொடுத்தார்கள்! 2014-ல் பட்டியலிலிருந்து நீங்கிய பருத்தி, 2018-ல் 'விதைப் பருத்தி' என்ற பெயரில் திரும்பி வந்தது. கோவை வட்டார நூற்பாலைகளும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. 2025 ஆகஸ்டில் இந்தியா பருத்திக்கான 11 விழுக்காடு இறக்குமதி வரியை ஆண்டிறுதிவரை நிறுத்தியபோது ஆலைகள் மகிழ்ந்தன. இந்தியப் பருத்தி விவசாயிகள் எதிர்த்தார்கள். இறங்கிய மலிவு விலையில் அமெரிக்க வரிப்பணத்தின் பங்கும் உண்டு.

2025 ஜூலைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். மக்காச்சோளக் குறியீட்டு விலை 3.70-லிருந்து 4.10 டாலர், சோயா 8.40-லிருந்து 10 டாலர். புதிதாக 3 கோடி ஏக்கர் வரை அடிப்படை ஏக்கராகச் சேரலாம். பத்தாண்டில் இதற்கெல்லாம் கூடுதலாக 6,000 கோடி டாலருக்கு மேல். அதே சட்டம் ஏழைகளின் உணவு உதவியில் சுமார் 18,600 கோடியைக் குறைத்தது. உணவு உதவியும் பண்ணை மானியமும் ஒரே சட்டத்தில் வந்ததே நகரத்து உறுப்பினரும் கிராமத்து உறுப்பினரும் ஒருவருக்கொருவர் வாக்களிக்கத்தான். அந்தப் பழைய உடன்பாடு அன்றோடு முறிந்தது. சன்ஃப்ளவர் போன்ற கவுண்டிக்கு இதன் பொருள் நேரடியானது. உணவு அட்டையில் வரும் பணம் அந்த மாதத்திலேயே ரூல்வில், இண்டியனோலா மளிகைக் கடைகளில் செலவாகும் பணம். ஏக்கருக்கு வருவது அப்படி அல்ல.

2025 விளைச்சலுக்கு மட்டும் ஏஆர்சி, பிஎல்சி இரண்டில் எது அதிகமோ அது தானாகவே கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தொகை 2026 அக்டோபருக்குப் பிறகுதான் கைக்கு வரும். விலை சரிந்து கிடப்பதால் அதுவரை தாங்க முடியாது என்ற கூக்குரலுக்கு 2025 டிசம்பரில் 1,200 கோடி டாலர் இடைக்கால உதவியும் அறிவித்தார்கள். பெரும்பகுதி வழக்கம்போல ஏக்கர் கணக்கில். புதிய அடிப்படை ஏக்கரைப் பிரிக்க எடுத்துக்கொள்வது 2019 முதல் 2023 வரையிலான விதைப்புப் பதிவை. அந்த ஆண்டுகளில் விதைத்தவர் யாராக இருந்தாலும், இன்று நிலம் யாருடையதோ அவருக்கு அது சேரும். அதற்குள் இழந்தவருக்குச் சேராது. குத்தகைப் பேச்சு பெரும்பாலும் அறுவடை முடிந்த குளிர்காலத்திலேயே நடந்துவிடும். வரப்போகும் காசோலை எவ்வளவு என்பது அப்போது நிலத்துக்காரருக்கும் தெரியும், குத்தகைக்காரருக்கும் தெரியும். பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.